கடலில் மிதக்கும் நுண்நெகிழியை யார், எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி: “கடலில் பல லட்சம் கோடி நுண்நெகிழித் துண்டுகள் மிதப்பதாகச் செய்திகளில் படிக்கிறேன். இதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா, அல்லது குத்துமதிப்பாகச் சொல்கிறார்களா? நான் கடற்கரை ஊர் ஒன்றில் விலங்கியல் இளங்கலை படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எங்கள் ஊர்க் கடலிலேயே இதைச் செய்ய முடியுமா?”

எண்ணியிருக்கிறார்கள். ஆனால் செய்தியில் வரும் அந்த எண்ணை யாரும் எண்ணவில்லை. (நுண்நெகிழி என்பது மைக்ரோபிளாஸ்டிக், 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்கு.)

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2014இல் மார்கஸ் எரிக்சன் குழு வெளியிட்ட கணக்காக இருக்கும்: 5.25 லட்சம் கோடி துண்டுகள், எடை 2,68,940 டன். 2007 முதல் 2013 வரை 24 பயணங்கள் போய், கடல் மேற்பரப்பில் 680 முறை வலை இழுத்திருக்கிறார்கள். பெரிய பொருள்களைக் கப்பலில் நின்று கண்ணால் பார்த்தும் குறித்திருக்கிறார்கள். ஓர் இழுவையில் வலை வருடிச் செல்லும் பரப்பு ஆயிரம், இரண்டாயிரம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 680 இழுவைக்கும் சேர்த்து ஒரு சதுர கிலோமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. உலகக் கடல்களின் பரப்போ ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். இடையில் இருக்கும் அந்தப் பெரும் பள்ளத்தை நிரப்பியது நீரோட்டத்தையும் காற்றையும் உள்ளே போட்டு ஓட்டிய கணினி மாதிரி.

அடுத்த ஆண்டே எரிக் வான் செபில் குழு அதுவரை கிடைத்த இழுவைத் தரவுகளை ஒன்றுதிரட்டி, மூன்று வெவ்வேறு கணினி மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தது. விடை 15 முதல் 51 லட்சம் கோடி வரை வந்தது. 2023இல் எரிக்சன் குழுவே மறுபடி கணக்குப் போட்டு, 2019ஆம் ஆண்டு நிலவரம் சராசரியாக 171 லட்சம் கோடி, அதாவது 82க்கும் 358க்கும் நடுவில் எங்கோ என்றது. ஒன்பது ஆண்டுகளில் கடல் முப்பது மடங்கு அழுக்காகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. யாரும் பொய் சொல்லவும் இல்லை. எந்த வலை, எந்தக் காற்று, எந்தக் கணினி மாதிரி என்பதைப் பொறுத்தே எண் வருகிறது. இந்தத் துறையில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். மேலே படிக்கும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

இனி வலைக்கு வருவோம். மேற்பரப்பு ஆய்வில் அதிகம் பயன்படுவது மாண்டா வலை. மாண்டா என்பது வாயைத் திறந்தபடி நீந்தி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் பெரிய திருக்கை. வலையும் பார்க்க அதைப் போலத்தான் இருக்கும். அகலமான செவ்வக உலோக வாய், அதன் இரு பக்கமும் மிதப்பதற்கான இறக்கைகள், பின்னால் கூம்பாகக் குறுகும் வலை, கடைசியில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு குடுவை அல்லது சிறு பை. நம் மீனவர்கள் பார்த்தால் “மடிதானே இது” என்பார்கள். மடியேதான், கண் மட்டும் மிகச் சிறியது. வழக்கமான கண்ணளவு 0.33 மில்லிமீட்டர். வாயின் நடுவில் சின்ன விசிறி போன்ற நீரோட்ட அளவி தொங்கும். எத்தனை சுற்று சுற்றியது என்பதிலிருந்து எவ்வளவு தூரம் நீர் வலைக்குள் போனது என்று கணக்கிடலாம்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். வலை வாயின் அகலம் 60 சென்டிமீட்டர். படகு மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் அரை மணி நேரம் போகிறது. ஆக ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். 0.6 பெருக்கல் 1,852 என்றால் ஏறத்தாழ 1,111 சதுர மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் இப்படி 900 கீற்றுகள் அடங்கும். எனவே உங்கள் குடுவையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஆய்வேட்டில் 900 துண்டுகளாகப் பதிவாகும். இருபது துண்டு கிடைத்தால் சதுர கிலோமீட்டருக்கு 18,000. கை தவறி ஒன்றை விட்டுவிட்டால் 900 குறையும். பிளாஸ்டிக்கே அல்லாத ஒன்றைத் தவறிச் சேர்த்துவிட்டால் 900 கூடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை நாங்கள் போனது ஒரு பழைய ஃபைபர் படகில். வலை மேலே வந்ததும் குடுவையைப் பார்த்தால் அழகழகான நீலத் துணுக்குகள். பதினேழில் ஒன்பது நீலம். பை உடைந்ததா, தார்ப்பாயா, குடத்தின் விளிம்பா என்று கரைக்கு வரும் வழியெல்லாம் விவாதித்தோம். வலையைக் கட்டியிருந்த கயிறு படகின் விளிம்பில் உராய்ந்துகொண்டே வந்ததை இறங்கும்போதுதான் பார்த்தோம். படகுக்கு நீல பெயின்ட். கயிறு உராய்ந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. சதுர கிலோமீட்டருக்கு 8,100 “நுண்நெகிழி”யை எங்கள் படகே சொந்தமாக உற்பத்தி செய்திருந்தது. அன்றிலிருந்து படகு ஏறியதும் முதல் வேலை, படகின் பெயின்டை ஒரு சுரண்டல், எல்லாக் கயிறுகளிலிருந்தும் ஒரு நூல், அன்று நாங்கள் போட்டிருக்கும் சட்டைகளிலிருந்து ஒரு நூல் எடுத்துத் தனித்தனி உறையில் போட்டு வைப்பது. பின்னால் ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வலையை எங்கே கட்டுவது என்பதும் சின்ன விஷயம் அல்ல. படகின் பின்னால் கட்டினால், இயந்திர விசிறி கலக்கிய நீரைத்தான் வடிகட்டுவீர்கள். மேலே மிதந்தவை எல்லாம் கீழே அமுங்கியிருக்கும். பக்கவாட்டில், படகு கிழிக்கும் அலைக்கு வெளியே ஓட வேண்டும். பெரிய கப்பல்களில் இதற்கென இரும்புக் கை இருக்கும். நாங்கள் ஒரு சவுக்குக் கழியைக் குறுக்கே கட்டிச் சமாளித்தோம். இழுத்து முடிந்ததும் வலையை வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். உள்பக்கம் அடித்தால் அந்தத் தண்ணீரில் இருக்கும் பிளாஸ்டிக்கும் மாதிரியோடு சேர்ந்துவிடும். சொறிமீன் காலமாக இருந்தால் அளவியின் விசிறியில் சொறி சிக்கிச் சுற்றாமல் நின்றுவிடும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் அரை மணி நேரம் இழுத்த வலை பத்து மீட்டர்தான் போனதாக விடை வரும். ஆகையால் புறப்பட்ட இடத்தையும் முடித்த இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வலை பிளாஸ்டிக்குக்காகப் பிறந்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 0.33 மில்லிமீட்டர் கண், மிதவை உயிரி ஆய்வாளர்கள் விட்டுச்சென்ற சொத்து. கடல் மேற்பரப்பு பிளாஸ்டிக் பற்றிய முதல் முக்கியமான கட்டுரையும் உயிர்களை ஆராயப் போனவர்களிடமிருந்தே வந்தது. எட்வர்ட் கார்பென்டரும் கே. எல். ஸ்மித்தும் 1972இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். வட அட்லாண்டிக்கில் இருக்கும் சர்காசோ கடலின் மேற்குப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 துண்டுகள், 290 கிராம். பிளாஸ்டிக் உற்பத்தி இப்படியே போய், குப்பையை இப்படியே கொட்டினால் இது கூடும் என்று அப்போதே எழுதிவைத்தார்கள். உங்கள் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்பாகக்கூட இருக்கலாம் அது. “மைக்ரோபிளாஸ்டிக்” என்ற சொல் ஊரெல்லாம் பரவியது 2004இல் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு எழுதிய கட்டுரைக்குப் பிறகு. 5 மில்லிமீட்டருக்குக் கீழே என்ற வரையறை 2008இல் அமெரிக்காவின் டகோமாவில் நடந்த பயிலரங்கில் வலுப்பெற்றது. மேல் எல்லை தெளிவு. கீழ் எல்லையை நடைமுறையில் தீர்மானிப்பது உங்கள் வலைக்கண்.

உங்களைப் போன்ற மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை வேறு. அமெரிக்காவில் கடல்சார் கல்விச் சங்கம் என்ற அமைப்பு, கல்லூரி மாணவர்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலியல் கற்றுக்கொடுக்கிறது. வட அட்லாண்டிக்கிலும் கரீபியன் கடலிலும் 1986 முதல் 2008 வரை அவர்கள் 6,136 முறை வலை இழுத்தார்கள். மாணவர்கள் உட்கார்ந்து சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினார்கள். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட இழுவைகளில் பிளாஸ்டிக் இருந்தது. காரா லாவெண்டர் லா தலைமையில் அதைத் தொகுத்து 2010இல் வெளியிட்டபோது, அதிகம் சேர்ந்திருந்த பகுதியில் 22 ஆண்டுகளாக அளவு ஏறவே இல்லை என்று தெரிந்தது. அந்த 22 ஆண்டுகளில் உலகின் பிளாஸ்டிக் உற்பத்தி வேகமாக ஏறியிருந்தது. மேற்பரப்பில் சேராமல் அது எங்கே போனது என்ற கேள்வியைக் கேட்கவே அந்த எண்கள் தேவைப்பட்டன. அதே வலை, அதே முறை, 22 ஆண்டு. நவீனக் கருவி ஏதும் இல்லை.

எங்கே போனது என்பதற்கு ஒரு பகுதி விடை காற்று. ஜியோரா புரோஸ்குரோவ்ஸ்கி என்ற கடலியலாளர் பசிபிக்கில் பாய்மரக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். கடல் கண்ணாடி போலக் கிடந்தபோது மேலே சிறு துணுக்குகளாகப் பிளாஸ்டிக் தெரிந்தது. காற்று எழுந்ததும் பெரும்பகுதி காணாமல் போனது. யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. அலை கலக்கியதில் சில மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அவரும் டோபியாஸ் குகுல்காவும் மற்றவர்களும் 2012இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மேற்பரப்பில் மட்டும் எடுத்த அளவு, உண்மையில் மிதப்பதைச் சராசரியாக 2.5 மடங்கு குறைத்துக் காட்டுகிறது. பலத்த காற்றில் 27 மடங்கு வரை குறைத்துக் காட்டலாம். எனவே அமைதியான நாளில் ஒருவர் இழுத்த வலையையும், வாடை அடித்த நாளில் இன்னொருவர் இழுத்த வலையையும் பக்கத்தில் வைத்து “இந்தக் கடல் சுத்தம், அந்தக் கடல் அழுக்கு” என்று சொல்வது, ஒரே ஆளை வெவ்வேறு தராசில் நிறுத்திவிட்டு இளைத்துவிட்டான் என்று சொல்வது போல. காற்றின் வேகத்தைக் குறிக்காத மேற்பரப்பு மாதிரியை நான் பாதி மாதிரியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு பகுதி விடை அளவில் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்று அரை மில்லிமீட்டர்த் துணுக்குகளாக உடைந்தால் ஆயிரம் துண்டுகள். எடை மாறவில்லை. இப்படி உடைந்துகொண்டே போனால், சிறிய அளவுக்குப் போகப் போக எண்ணிக்கை மளமளவென்று ஏற வேண்டும். ஸ்பெயினின் மாலஸ்பினா என்ற கடலாய்வுப் பயணத்தில் எடுத்த மாதிரிகளை வைத்து ஆந்திரேஸ் கோசார் குழு 2014இல் பார்த்தது நேர்மாறு. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் எண்ணிக்கை விழுந்துவிட்டது. திறந்த கடலின் மேற்பரப்பில் மிதப்பது மொத்தமே 7,000 முதல் 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். 2010 என்ற ஒரே ஆண்டில் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் என்பது ஜென்னா ஜாம்பெக் குழுவின் மதிப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், மேற்பரப்பில் நாம் எண்ணுவது சில்லறை. மீதி கரையில் ஒதுங்கியிருக்கும், உயிர்களின் வயிற்றில் இருக்கும், பாசியும் சிற்றுயிர்களும் ஒட்டிக் கனத்துத் தரைக்குப் போயிருக்கும், வலைக்கண் வழியே நழுவியிருக்கும்.

எது மிதக்கும், எது மூழ்கும் என்பதும் முக்கியம். கடல்நீரின் அடர்த்தி 1.025 அளவில். கைப்பையும் குடமுமாகும் பாலித்தீன், அரிசிச் சாக்கும் கயிறுமாகும் பாலிபுரோப்பிலீன் இரண்டும் ஒன்றுக்குக் கீழே. மிதக்கும். தண்ணீர் பாட்டிலாகும் பெட் 1.38, நைலான் 1.14, பிவிசி இன்னும் கனம். இவை மூழ்கும். மூடிய பாட்டில் மிதக்கும், உடைந்தால் முழுகும். அதன் மூடி மட்டும் தனியே மிதந்து வரும், ஏனென்றால் மூடி வேறு பிளாஸ்டிக். உங்கள் வலையில் பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் மட்டுமே வந்தால், உங்கள் ஊரில் வேறு குப்பையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது, நூலிழை. இது எனக்கு மிகவும் பிடித்த தகராறு. துணியிலிருந்து உதிரும் இழை, தலைமுடியைவிட மெல்லியது. நீளவாக்கில் வந்தால் 0.33 கண்ணில் நழுவிவிடும். அதனால் வலைக்குப் பதில் வாளியிலோ உலோகக் குவளையிலோ சில லிட்டர் நீரை நேரே மொண்டு, மிக நுண்ணிய வடிதாளில் வடிப்பவர்களுக்கு எண்ணிக்கை எங்கேயோ போகிறது. வலைக்காரரின் எண்ணும் வாளிக்காரரின் எண்ணும் ஒன்றுக்கொன்று பேசவே பேசாது. ஆனால் வாளிக்காரருக்கு வேறு கண்டம். இழை காற்றிலும் இருக்கிறது, உங்கள் துப்பட்டாவிலும் இருக்கிறது, ஆய்வகத்தின் திரைச்சீலையிலும் இருக்கிறது. அதைவிடப் பெரியது, இழை என்றாலே பிளாஸ்டிக் என்ற எண்ணம். ஜுசெப்பே சுவாரியா குழு ஆறு கடற்படுகைகளில் எடுத்த 916 நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் எழுதியது: சோதித்த இழைகளில் செயற்கை இழை 8.2 சதவீதம் மட்டுமே. மீதி பருத்தி போன்ற செல்லுலோஸ் இழைகளும் கம்பளி போன்ற விலங்கு இழைகளும். அதற்கு முன் நீல இழையைப் பார்த்தவுடன் “நுண்நெகிழி” என்று எண்ணிவைத்த ஆய்வேடுகளை எடுத்துப் படித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். என்னுடைய பழைய குறிப்பேடும் அதில் சேர்த்திதான்.

ஆய்வக வேலை இப்படிப் போகும். குடுவையில் இருப்பதை 5 மில்லிமீட்டர் சல்லடையிலும் 0.3 மில்லிமீட்டர் சல்லடையிலும் சலித்து நடுவில் நிற்பதை எடுப்பீர்கள். அதில் பிளாஸ்டிக்கைவிட உயிர்ப்பொருள்தான் அதிகம். பாசி, கோப்பிபாட், இறால் குஞ்சு, மீன் முட்டை. இவற்றைக் கரைக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வினையூக்கியாகச் சிறிது இரும்பு சல்பேட்டும் சேர்த்து 75 டிகிரி வரை சூடாக்குவது வழக்கம். சில நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். திடீரென்று பால் பொங்குவது போலப் பொங்கும். பொங்கி வழிந்தால் உங்கள் மாதிரி மேசையில். பனிக்கட்டித் தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஆய்வகத்தின் புகை வெளியேற்றும் கூண்டுக்குள் செய்யுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பிறகு சமையலுப்பே போதும். நிறைய உப்பைக் கரைத்து நீரின் அடர்த்தியை 1.2 வரை கொண்டுவந்தால் லேசான பிளாஸ்டிக் மேலே வரும், மணல் கீழே நிற்கும்.

அதன் பின் நுண்ணோக்கி. இங்கேதான் பொறுமை வேண்டும். பெராக்சைடுக்குத் தப்பிய மீன் முட்டை ஒன்று பளபளவென்று உருண்டையாக, பிளாஸ்டிக் மணி போலவே கிடக்கும். சாமணத்தால் அழுத்துங்கள். முட்டை நசுங்கும், பிளாஸ்டிக் தெறித்து ஓடும். ஓடினதைத் தேடுவது தனி வேலை, அதனால் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்துங்கள். ஊசியைச் சூடாக்கித் தொட்டால் பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகி ஒட்டும். பாசியும் சிப்பித் துணுக்கும் அப்படிச் செய்யாது. நிறம் முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, இழை முழு நீளத்துக்கும் ஒரே தடிமனாக இருக்கிறதா, செல் அமைப்பு ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேலே பழகிய கண் ஓரளவு நம்பத்தக்கது. அதற்குக் கீழே போகப் போகக் கண் நம்மை ஏமாற்றும்.

ஆகவே குறைந்தபட்சம் ஒரு பகுதியையாவது அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில் காட்ட வேண்டும். எஃப்டிஐஆர் என்று எல்லோரும் சொல்வது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அகச்சிவப்புக் கதிரில் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். வரைபடத்தில் அது பள்ளமாகத் தெரியும். பாலித்தீன் என்றால் அலை எண் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்ற கணக்கு) 2,915, 2,848 ஆகிய இடங்களில் இரட்டைப் பள்ளம், ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெயிலில் நாள்பட்ட துண்டு என்றால் 1,715 பக்கத்தில் கூடுதலாக ஒரு சின்னப் பள்ளம் விழும்; ஆக்சிஜன் ஏறியதன் அடையாளம். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளைச் சாதாரணக் கருவியிலேயே வைத்துப் பார்க்கலாம். வேதியியல் துறையிலோ பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலோ அந்தக் கருவி இருக்க வாய்ப்பு உண்டு, கேட்டுப் பாருங்கள். அதைவிடச் சிறிதுக்கு நுண்ணோக்கியோடு இணைந்த கருவி வேண்டும். ராமன் கருவி என்றால் ஒரு மைக்ரான் வரை இறங்கலாம். நம் சி. வி. ராமன் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் கடைசியில் கடல் குப்பையை எண்ண வந்து நிற்கிறது.

செயற்கைக்கோளில் பார்க்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் நாசாவின் சிக்னஸ் செயற்கைக்கோள்களை வைத்து, கடல் இருக்க வேண்டியதைவிட வழவழப்பாக இருக்கும் இடங்களைக் கண்டு, அங்கே நுண்நெகிழி அதிகம் என்று வரைபடம் போட்டார்கள். பின்னர் தொட்டியில் சோதித்தபோது, அலையை அடக்குவது பிளாஸ்டிக் அல்ல, அதோடு சேர்ந்து மிதக்கும் எண்ணெய்ப்பசை போன்ற பொருள்கள் என்று தெரிந்தது. இப்போதைக்கு வலைதான்.

உங்கள் திட்டப்பணிக்கு வருகிறேன். செய்யலாம். ஆனால் “எங்கள் ஊர்க் கடலில் எவ்வளவு நுண்நெகிழி” என்ற தலைப்பு வேண்டாம். ஆறு மாதத்தில் நான்கு முறை வலை இழுத்து அதற்கு விடை சொல்ல முடியாது. ஒப்பீடு ஒன்றை எடுங்கள். முகத்துவாரத்துக்கு நேரே ஓரிடம், அங்கிருந்து விலகி ஓரிடம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, மழைக்குப் பின்பு. சோழமண்டலக் கரையில் நீரோட்டம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வடக்கு நோக்கியும் மழைக்காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. உங்கள் ஊருக்கு வரும் குப்பை அந்தந்தப் பருவத்தில் வெவ்வேறு திசையிலிருந்து வரக்கூடும். நீவாடு (மீனவர் வழக்கில் நீரோட்டம்) எப்படிப் போகிறது என்பதை அன்றைக்குப் படகோட்டும் அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் வரைபடத்தைவிடச் சரியாக இருக்கும்.

படகுக்கும் டீசலுக்கும் பணம் இல்லை என்றால் கடலுக்கே போக வேண்டாம். கரையில் ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) விட்டுச்சென்ற அடையாளத்தின் மேல் வரிசையில் பிளாஸ்டிக் குருணை பொறுக்குங்கள். ஆலைகளுக்கு மூலப்பொருளாகப் போகும், பருப்பு அளவிலான மணிகள் இவை. மேற்பரப்பில் மிதந்து வந்து ஒதுங்குபவை என்பதால், கடல் மேல் நடப்பதற்கு இவையும் சாட்சி. 2015 வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் சென்னைக் கடற்கரையில் இந்தக் குருணைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்த ஆண்டு மார்ச்சைவிட நவம்பரில் மூன்று மடங்கு இருந்தது; அடையாறும் கூவமும் கொண்டுவந்து கொட்டியிருந்தன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. இலங்கையின் மேற்குக் கரை முழுக்க வெள்ளை மணியாகக் கிடந்தது. அங்கே ஆய்வாளர்களுக்கு வந்த சிக்கல் புதுமாதிரி: தீயில் வெந்து கறுத்து உருகிய கட்டிகள் கல்லா கரியா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லை. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கிய பின் குருணைகள் திருவனந்தபுரம் கடந்து கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தன. உங்கள் ஊரில் ஒரு சதுர மீட்டர்ச் சட்டம், ஒரு சல்லடை, மாதம் ஒருமுறை அதே இடம், அதே ஓதம் என்று தொடங்கினால், அடுத்த கப்பல் கவிழும்போது “முன்பு எவ்வளவு இருந்தது” என்று சொல்ல ஊரில் ஓர் ஆளாவது இருப்பார்.

எதைச் செய்தாலும் வெற்று மாதிரி கட்டாயம். ஈரமான வடிதாள் ஒன்றைத் திறந்த தட்டில் வைத்து, நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்கப் பக்கத்திலேயே வையுங்கள். கடைசியில் அதில் விழுந்த இழைகளை எண்ணுங்கள். பத்து இழை விழுந்திருந்தால், உங்கள் மாதிரியில் கிடைத்த பன்னிரண்டு இழைக்கு மதிப்பு என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பருத்திச் சட்டை போடுங்கள், அதுவும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு போல மாதிரியில் வரவே வராத நிறமாக இருந்தால் நல்லது. குடுவைகளை அலுமினியத் தாளால் மூடுங்கள், பிளாஸ்டிக் மூடி வேண்டாம். எண்ணிக்கையோடு எடையையும் எழுதுங்கள். முடிந்தால் அளவு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். வலைக்கண், காற்று, ஓதம், நேரம் நான்கும் இல்லாத எண்ணை எந்த இதழுக்கும் அனுப்பாதீர்கள்.

எண்ணி முடித்ததும் மாதிரிகளைக் கொட்டிவிட வேண்டாம். தாம்சன் குழு 2004இல் பழைய காலத்தோடு ஒப்பிட முடிந்தது எதனால் தெரியுமா? சரக்குக் கப்பல்களின் பின்னால் இழுத்துச் சென்ற மிதவை உயிரிப் பதிவுக் கருவியின் பட்டுத் துணிச் சுருள்களை 1960களிலிருந்து யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். உங்கள் துண்டுகளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் போட்டுத் துறையின் அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். சாராயத்தில் போட்டு வைப்பதாக இருந்தால், பெயர்ச்சீட்டைத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஒரே வாரத்தில் கரைந்துவிடும்.